எல்லைக் கிராமங்களில் காட்டுப்பன்றி வேட்டை: யாருக்கு அனுமதி, எதில் ஆபத்து?

கேரளத்தின் தென்கோடியில் உள்ள பாறசாலையிலும், நெய்யாற்றின்கரை வட்டத்தின் எல்லையோரக் கிராமங்களிலும் மரச்சீனி, வாழை, சேனை, சேம்பு பயிரிடும் விவசாயிகளுக்குக் காட்டுப்பன்றி பெரும் தொல்லையாக உள்ளது. ஒரே இரவில் ஒரு கூட்டம் புகுந்தால், பல மாத உழைப்பு கிழங்கோடு தோண்டி எறியப்பட்டுவிடும். உள்ளாட்சி அமைப்புகளின் உத்தரவின் பேரில் காட்டுப்பன்றிகளைச் சுட்டுக்கொல்ல கேரளத்தில் 2022 முதல் வழி செய்யப்பட்டுள்ளது.

எனினும், இந்த வேட்டையின் அபாயம் பன்றியின் கோரைப்பல்லோடு முடிந்துவிடுவதில்லை. வீடுகள், கிணறுகள், ரப்பர் தோட்டங்கள் நெருக்கமாக அமைந்த ஊரில், இருளில் சுடப்படும் ஒரு தோட்டா எங்கு போய் நிற்கும் என்பதே முதல் கேள்வி. சில நூறு மீட்டர் தொலைவில் மாநில எல்லையும் சட்டமும் மாறிவிடுகின்றன என்பது இரண்டாவது சிக்கல். இவ்விரண்டையும் அறிந்து வேட்டையில் எவ்வாறு பாதுகாப்பாக இருப்பது என்பதை விளக்குகிறது இத்தொகுப்பு.

பன்றிக்கு எல்லை இல்லை

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைக்கப்பட்டபோது, திருவிதாங்கூரின் தெற்கு வட்டங்களான விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகியவை அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நீடித்தது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையிலும், வெள்ளறடை, பனச்சமூடு பகுதிகளிலும் எல்லைக்கோடு தோட்டங்களுக்கும் சாலைகளுக்கும் நடுவே செல்கிறது. வேலி ஏதுமில்லை.

வடக்கே செல்லச் செல்ல நிலம் மலையாக உயர்கிறது. அம்பூரியை அடுத்து, 1958-இல் அறிவிக்கப்பட்ட நெய்யாறு வனவிலங்குச் சரணாலயம் சுமார் 128 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ளது. எல்லைக்கு இப்பால் ஆறுகாணி, பத்துகாணி மலைக் கிராமங்களும் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயமும் உள்ளன. இரண்டும் அகஸ்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதிகள்.

காட்டுப்பன்றி காட்டை மட்டுமே நம்பி வாழும் விலங்கு அன்று. ஆளில்லாத ரப்பர் தோட்டமும், புதர் மண்டிய தரிசும், ஓடைக்கரையும் அதற்குப் பகல்நேர மறைவிடமாகப் போதுமானவை. ஏறக்குறைய நான்கு மாதச் சினைக் காலத்துக்குப் பின், ஒரு ஈற்றில் பொதுவாக நான்கு முதல் ஆறு குட்டிகள் வரை ஈனும். எனவே, வனத்திலிருந்து வெகுதொலைவில் உள்ள சமவெளிக் கிராமங்களிலும் அவை நிலைத்துவிடுகின்றன.

கேரளத்தில் யார் சுடலாம்?

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் காட்டுப்பன்றி அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. மனித உயிருக்கோ, பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்தான விலங்கை, காரணத்தைப் பதிவு செய்து எழுத்துப்பூர்வ உத்தரவின் மூலம் வேட்டையாட அனுமதிக்க 11-ஆவது பிரிவு வகை செய்கிறது.

இந்த அதிகாரம் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கும், அவரால் அதிகாரமளிக்கப்பட்ட அலுவலர்களுக்கும் உரியது. 2022 மே மாதத்தில் கேரள அரசு, ஊராட்சித் தலைவர், நகராட்சித் தலைவர், மாநகராட்சி மேயர் ஆகியோரைக் கௌரவ வனவிலங்குக் காப்பாளர்களாகவும், உள்ளாட்சிச் செயலர்களை அதிகாரமளிக்கப்பட்ட அலுவலர்களாகவும் நியமித்தது. மக்கள் வாழும் பகுதிகளில் சேதம் விளைவிக்கும் காட்டுப்பன்றிகளுக்கு மட்டுமே இந்த ஏற்பாடு பொருந்தும். காப்புக்காடு, சரணாலயம் ஆகியவற்றுக்குள் செல்லாது. காலவரம்புடன் பிறப்பிக்கப்பட்டு, அவ்வப்போது நீட்டிக்கப்படும் உத்தரவு என்பதால், நடப்பில் உள்ளதா என்பதை ஒவ்வொரு முறையும் ஊராட்சி அலுவலகத்தில் உறுதி செய்துகொள்வது அவசியம்.

நஞ்சு, வெடிபொருள், மின்சாரம் ஆகியவற்றால் கொல்லக் கூடாது. மனித உயிருக்கும், உடைமைக்கும், வளர்ப்பு விலங்குகளுக்கும், பிற வனவிலங்குகளுக்கும் தீங்கு நேரக் கூடாது. உடலை முறைப்படி புதைத்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்பன முக்கிய நிபந்தனைகள். தோட்ட உரிமையாளர் என்பதாலோ, துப்பாக்கி உரிமம் உள்ளது என்பதாலோ மட்டும் ஒருவர் தாமாகச் சுட முடியாது. ஊராட்சியில் புகார் அளித்து, உத்தரவு பெற்று, அதில் அனுமதிக்கப்பட்ட துப்பாக்கி உரிமதாரரைக் கொண்டே நடவடிக்கை மேற்கொள்ளப்பட வேண்டும்.

காட்டுப்பன்றியைத் தீங்குயிரியாக அறிவிக்குமாறு கேரளம் பலமுறை விடுத்த கோரிக்கையை மத்திய அரசு ஏற்கவில்லை. இதையடுத்து, மாநில அளவில் கூடுதல் அதிகாரம் கோரும் திருத்த மசோதாவைக் கேரள சட்டப்பேரவை 2025 அக்டோபரில் நிறைவேற்றியது. மத்தியச் சட்டத்தைத் திருத்தும் மசோதா என்பதால், அது நடைமுறைக்கு வரக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை.

எல்லை தாண்டினால் அனுமதி செல்லாது

தமிழ்நாட்டின் விதிகள் வேறு. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட நடைமுறைப்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுட அனுமதியில்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரையிலான பகுதியில் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டுமே சுட இயலும். அதையும் பயிற்சி பெற்ற வனத்துறையினரே செய்ய வேண்டும். தனியாருக்கு இதில் இடமில்லை.

ஆகவே, பாறசாலை ஊராட்சியின் உத்தரவோடு வருபவர் களியக்காவிளைப் பக்கத் தோட்டத்தில் கால் வைத்தால், அக்கணமே அவர் அனுமதியின்றி வேட்டையாடுபவராகக் கருதப்படக்கூடும். சுடப்பட்ட பன்றி காயத்துடன் எல்லை கடந்து ஓடினால் பின்தொடர்வது தவறு. அங்கேயே நின்று, ஊராட்சிக்கும் கேரள வனத்துறைக்கும் தெரிவித்து, அவர்கள் வழியாகத் தமிழ்நாடு வனத்துறைக்குத் தகவல் கொடுப்பதே முறை. காயம்பட்ட விலங்கு நடமாடுகிறது என்பதை எல்லைக்கு அப்பால் உள்ள வீட்டாருக்கும் உடனே சொல்ல வேண்டும். அவர்கள் பெரும்பாலும் குரல் எட்டும் தூரத்தில்தான் இருப்பார்கள்.

துப்பாக்கி உரிமமும் அதில் குறிப்பிட்ட பகுதிக்கு உள்ளேதான் செல்லுபடியாகும். மேலும், சரணாலயத்திலோ அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளோ வசிக்கும் உரிமதாரர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்பது வனவிலங்குச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு. அம்பூரியைச் சுற்றியுள்ள மலையோரக் கிராமங்களில் வசிப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

பொது விதிமீறலுக்கு 3 ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் ஆகும்.

பகலில் பார்த்த இடத்தில்தான் இரவில் சுட வேண்டும்

காட்டுப்பன்றி பெரும்பாலும் இரவில் மேய்வதால் வேட்டையும் இரவில் நடக்கிறது. பாதுகாப்பின் முக்கால் பங்கு பகலிலேயே முடிந்துவிட வேண்டிய வேலை. சுடப்போகும் தோட்டத்தை வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்து, பன்றி வரும் தடம், அருகிலுள்ள வீடுகள், ஒற்றையடிப் பாதைகள், மாட்டுக் கொட்டகைகள், கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறுகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இருளில் விலங்கின் பின்னே ஓடி இத்தகைய கிணற்றில் விழுவது, பன்றி தாக்குவதைவிடக் குறைந்த ஆபத்து அன்று.

குண்டு குறி தவறினாலும், விலங்கை ஊடுருவினாலும் அதை வாங்கிக்கொள்ள மண் இருக்க வேண்டும். பெரிய சில்லுகள் கொண்ட தோட்டா பல நூறு மீட்டர் தொலைவு வரை ஆளைக் காயப்படுத்தக்கூடியது. ரைபிள் தோட்டா கிலோமீட்டர் கணக்கில் செல்லும். வெட்டுக்கல் சுவரிலும் பாறையிலும் பட்டால் திசை மாறித் தெறிக்கும். மேட்டின் உச்சியில் வானத்தை ஒட்டி நிற்கும் பன்றியையும், சாலையின் பக்கமோ வீட்டின் பக்கமோ நிற்கும் பன்றியையும் சுடாமல் விட்டுவிடுவதே சரி.

உறுதியான பரணில் அமர்ந்து கீழ்நோக்கிச் சுடுவது ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. தோட்டா மண்ணில் புதையும். பன்றி நேராகப் பாய்வதற்கும் வழியில்லை. ஆனால் தோட்டா நிரப்பிய துப்பாக்கியுடன் பரணில் ஏறவோ இறங்கவோ கூடாது. முதலில் ஏறி அமர்ந்து, தோட்டா எடுக்கப்பட்ட துப்பாக்கியைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். கையாலை தாண்டும்போதும், ஓடை கடக்கும்போதும் தோட்டாவை எடுத்துவிடுவதே முறை.

விடியலுக்கு முன் வரும் வெளிச்சம்

இப்பகுதிக்கே உரிய ஓர் ஆபத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். ரப்பர் பால்வெட்டும் தொழிலாளர்கள் வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க, விடியலுக்கு வெகுமுன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் செல்கின்றனர். குனிந்து மரத்துக்கு மரம் நகரும் அவர்களின் அசைவும், சருகின் சலசலப்பும், இலைகளுக்கிடையே மின்னி மறையும் ஒளியும் பரபரப்பில் உள்ளவரின் கண்ணுக்கு விலங்காகத் தோன்றிவிடலாம்.

ஒலியைக் கேட்டோ, மின்னும் கண்களை மட்டும் பார்த்தோ சுடக் கூடாது என்ற விதிக்கு இங்கு விலக்கே இல்லை. பன்றியின் முழு உருவமும், அதன் பின்னுள்ள நிலமும் தெளிவாகத் தெரிந்த பின்னரே விரல் விசைக்குச் செல்ல வேண்டும். வேட்டை நடைபெறும் நாள், இடம், நேரம் ஆகியவற்றை அக்கம்பக்கத்து வீடுகளுக்கும், தோட்டத் தொழிலாளர்களுக்கும், காவல் நிலையத்துக்கும் முன்கூட்டியே தெரிவிப்பது நல்லது. பால்வெட்டுத் தொடங்கும் நேரத்துக்கு முன்பே அன்றைய பணியை முடித்துக்கொள்வது அதனினும் நல்லது.

குழுவாகச் செல்பவர்கள் ஒளி எதிரொலிக்கும் மேலாடை அணிய வேண்டும். சுடுபவர் ஒருவராகவும், அவர் சுடும் திசை முன்பே வரையறுக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். மற்றவர்கள் அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். யார் எங்கே நிற்கிறார் என்பது தெரியாத நொடியில் யாரும் சுடக் கூடாது. மது அருந்தியவர், வேடிக்கை பார்க்க வருபவர், கைபேசியில் படம் பிடிக்க வருபவர் ஆகியோருக்கு இடமளிக்கக் கூடாது. நாய்களை ஏவிப் பன்றியைக் கிளப்பினால், அது எத்திசையில் பாயும் என்பது எவர் கையிலும் இல்லை.

காயம்பட்ட பன்றி

பன்றிக்குப் பார்வை குறைவு. மோப்பமும் செவியும் கூர்மை. பொதுவாக அது மனிதரைக் கண்டால் விலகி ஓடும். காயம்பட்டபோதும், வழி அடைபட்டபோதும், குட்டிகளுடன் இருக்கும்போதும் தாக்கும். முதுகு மயிர் சிலிர்ப்பது, பற்களை நறநறவெனக் கடிப்பது, உறுமிக்கொண்டு நிலத்தைக் கிளறுவது ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். ஆண் பன்றியின் கீழ்த்தாடைக் கோரைப்பல் கத்திபோல் கீழிருந்து மேலாகக் கிழிக்கும். மனிதரின் தொடை அந்த உயரத்தில் இருப்பதால், அங்குள்ள பெரிய இரத்தக்குழாய் அறுபட்டுச் சில நிமிடங்களில் உயிர் போகும் அபாயம் உண்டு.

எனவே, சுட்டவுடன் ஓடிச்சென்று பார்ப்பது பெருந்தவறு. குறைந்தது அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரத்தத் தடம் அடர்ந்த புதருக்குள் சென்றால், விடிந்த பின்னரே துப்பாக்கியுடன் இருவராகச் சென்று தேட வேண்டும். வீழ்ந்து கிடக்கும் பன்றியை முதுகுப் பக்கமாக நெருங்கி, நீண்ட கழியால் தொட்டுப் பார்த்து, அசைவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பாய்ந்து வரும் பன்றியின் முன் ஓடி வெல்ல முடியாது. பருத்த மரம், பாறை, சுவர் ஆகியவற்றின் பின்னால் ஒதுங்குவதோ மேலே ஏறுவதோதான் வழி. கீழே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, கைகளால் கழுத்தை மூடிக்கொள்ள வேண்டும்.

காத்திருக்கும் பிற விலங்குகள்

மலையோரக் கிராமங்களில் பன்றிக்காகக் காத்திருப்பவர் முன் வேறொரு விலங்கும் வரலாம். யானை, காட்டுமாடு, கரடி, சிறுத்தை ஆகியவற்றைக் கண்டால் அன்றைய வேட்டையைக் கைவிட்டு, ஓசையின்றிப் பின்வாங்க வேண்டும். விரட்டுவதற்காக அவற்றை நோக்கிச் சுடுவது குற்றமும் பேராபத்தும் ஆகும்.

தற்காப்புக்காக நல்லெண்ணத்துடன் வனவிலங்கைக் கொல்வது குற்றமாகாது என 11(2)-ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால் அந்நேரத்தில் சட்டத்தை மீறும் செயலில் ஈடுபட்டிருந்தவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அனுமதியின்றி வேட்டைக்குச் சென்றவர், கரடி தாக்கியதால் சுட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

ரப்பர் தோட்டத்துச் சருகுக்குள் பாம்புகளும் உண்டு. முட்டியளவு காலணி, கையில் விளக்கு, முன்னே தட்டிச் செல்ல ஒரு கழி ஆகியவை அவசியம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கே இந்தியாவில் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து உருவாக்கப்பட்டுள்ளது. மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறிய குழிவிரியன் கடித்தால் அது பயன் தராது. ஆகவே, எந்தப் பாம்பானாலும் கடிபட்டவரைத் தாமதமின்றி மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

மின்கம்பியும் வெடியும்

உத்தரவுக்கும் அலுவலகத்துக்கும் அலைய வேண்டுமே என்று, இரவில் மின்கம்பியை வேலியில் இணைப்பவர்களும், தீனிக்குள் வெடி மறைத்து வைப்பவர்களும் உள்ளனர். தமிழ்நாட்டில் அவுட்டுக்காய் எனவும், கேரளத்தில் பன்றிப்படக்கம் எனவும் அழைக்கப்படும் இவ்வெடி, கடிக்கும் எந்த வாயையும் சிதைக்கும். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வெடி வைத்த தீனியால் வாய் சிதைந்த கருவுற்ற யானை, வெள்ளியாற்றில் நின்றபடியே உயிரிழந்தது நாட்டையே உலுக்கியது. 2025 ஜூனில் மலப்புரம் மாவட்டம் வழிக்கடவில், பன்றிக்காகச் சட்டவிரோதமாக வைக்கப்பட்ட மின்பொறியில் சிக்கிப் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் உயிரிழந்தார்.

வேட்டைக் குழுவினரும் இந்தப் பொறிகளுக்கு இரையாகலாம். பகலில் இடத்தைப் பார்க்கும்போதே, தோட்டத்தில் மின்கம்பியோ சுருக்குக் கம்பியோ உள்ளதா என்று உரிமையாளரிடம் கேட்டறிய வேண்டும். தரையில் கிடக்கும் கம்பியைத் தொடாமல் மின்வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒருவர் மின்கம்பியில் சிக்கியிருந்தால், மின்சாரத்தைத் துண்டிக்கும் வரை அவரைத் தொடக் கூடாது.

காயமுற்றால் என்ன செய்வது?

இரத்தம் பீறிட்டால், சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மீது வைத்து, கையை எடுக்காமல் பலமாக அழுத்திப் பிடிக்க வேண்டும். இரத்தம் கட்டுப்பட்ட காயத்தையும், சிறிய கடி, கீறல்களையும் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். வனவிலங்கு கடித்த காயங்கள் அனைத்தும் வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பில் மூன்றாம் வகையாகவே கருதப்படுகின்றன. தடுப்பூசியுடன், காயத்தில் செலுத்தப்படும் நோய் எதிர்ப்புப் புரதமும், வில்வாத நோய்த் தடுப்பூசியும் தேவைப்படும். பாம்பு கடித்த இடத்தைக் கீறவோ, இறுகக் கட்டவோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் கொண்டுசெல்ல வேண்டும்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை, குழித்துறை ஆகிய இடங்களில் அரசு மருத்துவமனைகள் உள்ளன. பெருங்காயங்களுக்குத் திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியும், ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரியும் எல்லையின் இருபுறமும் இருக்கின்றன. எந்த மாநிலம் என்று பாராமல், அருகிலிருப்பதற்குச் செல்ல வேண்டும். அவசர ஊர்திக்கான 108, அவசர உதவிக்கான 112 ஆகிய எண்கள் இரு மாநிலங்களுக்கும் பொது.

கொன்ற பின்னும் கவனம்

சுடப்பட்ட பன்றியின் இறைச்சியை எடுப்பதும், பங்கிடுவதும், உண்பதும் குற்றம். சட்டத்துக்கு அப்பால் உடல்நலக் காரணமும் உண்டு. 2022 ஜூனில் அதிரப்பள்ளி வனப்பகுதியில் இறந்து கிடந்த காட்டுப்பன்றிகளில் ஆந்த்ராக்ஸ் கண்டறியப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் வயநாட்டுப் பண்ணைகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. பின்னது மனிதருக்குப் பரவாது. ஆனால், ஆடையிலும் காலணியிலும் ஒட்டிச் சென்று பண்ணைப் பன்றிகளை அழிக்கும். எனவே கையுறையின்றி உடலைத் தொடக் கூடாது. கிணற்றுக்கும் நீரோடைக்கும் விலகிய இடத்தில், நாய்கள் தோண்ட இயலாத ஆழத்தில் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும். தானாக இறந்து கிடக்கும் பன்றியைத் தொடாமல், வனத்துறைக்கும் கால்நடைத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும்.

பயிர்ச்சேதத்துக்கும், காயத்துக்கும், உயிரிழப்புக்கும் இரு மாநிலங்களிலும் வனத்துறை வழியாக இழப்பீடு கோரலாம். மனித-விலங்கு மோதலை மாநிலப் பேரிடராகக் கேரளம் 2024 மார்ச் மாதத்தில் அறிவித்துள்ளது. சேதமடைந்த பயிரை அப்புறப்படுத்தும் முன் படம் எடுத்து வைத்துக்கொண்டு விண்ணப்பிப்பது நல்லது.

பன்றி தின்ற மரச்சீனியை அடுத்த பருவத்தில் மீண்டும் நடலாம். இருளில் சுட்ட தோட்டாவையோ, இரவில் இணைத்த மின்கம்பியையோ நடந்த பின் திரும்பப் பெற முடியாது. எழுத்துப்பூர்வ உத்தரவு, பகலில் பார்த்த இடம், பின்னால் மண், அக்கம்பக்கத்துக்குச் சொன்ன தகவல் ஆகிய நான்கில் ஒன்று குறைந்தாலும், அன்றிரவு துப்பாக்கியை வெளியே எடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு.